சீட்டு வாங்குகிறோமா, கடன் கொடுக்கிறோமா?

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் கிளைக்குத் திங்கட்கிழமை காலையில் வருவோரில் பெரும்பாலோர் சம்பளக் கணக்கு, நகைக் கடன், காசோலைப் புத்தகம் என்று வழக்கமான அலுவல்களுக்காக வருபவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கடைசல் பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு கேள்வியோடு வந்து அமர்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே தொழில் நடத்துபவர். வயதான பெற்றோரைக் காசிக்கு அழைத்துச் செல்ல விரும்பி, குடும்பத்தார் ஆறு பேருக்கு ஐந்து மாதம் முன்னதாகவே விமானச் சீட்டு எடுத்திருந்தார். தள்ளுபடி விற்பனையில் மலிவாகக் கிடைத்ததாம். அந்த விமான நிறுவனம் முதல் நாள் பறப்பதையே நிறுத்திவிட்டது.

"சீட்டு கையில இருக்கு சார். பணமும் போயிருச்சு. விமானந்தான் இல்ல. இப்ப இதுல நான் யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு வணிகவியல் படித்தவர்களிடம் விடை உண்டு. "நீங்க கடன் குடுத்தவரு அண்ணாச்சி. ஈடு வாங்காம குடுத்திட்டீங்க" என்றோம். அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

விமானச் சீட்டுக்கு நாம் செலுத்தும் பணம் அந்த நிறுவனத்தின் கணக்கில் அன்றே வருமானமாக ஏறுவதில்லை. விமானம் பறக்கும் வரை அது பொறுப்புகள் பக்கத்தில், முன்கூட்டிப் பெற்ற தொகையாக நிற்கிறது. கையில் வந்த காசை நிறுவனம் எரிபொருளுக்கும் குத்தகைக்கும் சம்பளத்திற்கும் செலவிட்டுவிடலாம். நமக்கு அது தர வேண்டியது ஒரு வாக்குறுதிதான். பயண நாள் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அக்கடனின் தவணைக்காலம் அவ்வளவு நீளம். ஆகவே எப்போது பதிவு செய்வது, எந்த விமானத்தைத் தேர்வது என்னும் இரண்டும் உண்மையில் ஒரே கேள்வியின் இரு முகங்கள்: எவ்வளவு நாளைக்குக் கடன் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம்? வங்கியில் எங்களிடம் கடன் கேட்டு வருவோரிடம் நாங்கள் கேட்பதும் இவ்விரண்டைத்தான். சீட்டு எடுக்கும்போது மட்டும் நாம் எல்லோரும் விலையை மட்டுமே கேட்கிறோம்.

நின்றுபோன சிறகுகள்

இந்த அச்சம் மிகையானது என்று கருதுவோர் நம் நாட்டு விமானத் துறையின் கடந்த முப்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கலாம். விமானக் கழகச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டு, தனியார் நிறுவனங்கள் முழு உரிமையோடு வானில் ஏறிய பின், வந்தவற்றில் போனவையே அதிகம். பெங்களூரு இதில் இரட்டைச் சான்று. 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் இந்நகரத்தில் பிறந்தது. அவருடைய வாழ்க்கையைத் தழுவிய 'சூரரைப் போற்று' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு ரூபாய்ச் சீட்டின் கதை நினைவிருக்கும். அந்நிறுவனம் 2008இல் இணைந்தது, இதே நகரின் கிங்ஃபிஷருடன். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. தமிழ்நாட்டிலிருந்து 2005இல் புறப்பட்ட பாரமவுண்ட் 2010இல் மறைந்தது. ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை 2019 ஏப்ரல் 17 அன்று இயக்கியது; ஐந்தாண்டுகள் மீட்பு முயற்சி நடந்தபின், 2024 நவம்பரில் அதனைக் கலைத்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத் தொடக்கத்தில் தானே திவால் மனுவுடன் தீர்ப்பாயத்தின் வாயிலில் நின்றது.

திவால் சட்டத்தில் பங்கீட்டு வரிசை என்று ஒன்று உண்டு. நடைமுறைச் செலவுகள், பிணையம் பெற்ற கடனாளர்கள், தொழிலாளர் நிலுவை ஆகியவை முன்னே நிற்கும். பிணையம் ஏதுமில்லாச் சீட்டுப் பயணி வரிசையின் பின்பகுதியில்தான் இடம்பெறுவார். அங்கே எட்டும்போது பாத்திரத்தில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. கொரோனாவால் 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டபோது, எங்கள் குடும்பத்தின் கோடைப் பயணச் சீட்டும் ரத்தாயிற்று. பணத்திற்குப் பதிலாக ஒரு நிறுவனம் எங்களுக்குத் தந்தது, தன் விமானத்தில் மட்டுமே செலவிடத்தக்க ஒரு வரவுக் குறிப்பு. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பயணிகளுக்குச் சாதகமாக வழிமுறைகளை வகுத்தது. எனினும் எங்கள் தொகை முழுவதும் வந்து சேர மறு ஆண்டாயிற்று. அந்த ஓராண்டிற்கு யாரும் வட்டி தரவில்லை. பிறருக்கு வட்டி கணக்கிட்டே வாழ்நாளைக் கழிக்கும் எங்களுக்கு அது சற்று உறைத்தது.

விலை ஏன் நாள்தோறும் மாறுகிறது

ஒரு விமானத்தில் சுமார் 180 இருக்கைகள் இருந்தால், அவை 180க்கும் ஒரே விலை இல்லை. இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் இத்தனை என்று எண்ணிக்கை வைக்கிறார்கள். கீழடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை திறக்கிறது. விற்பனை மந்தமானால் மூடிய அடுக்கு மீண்டும் திறப்பதும் உண்டு. அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பின், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1980களில் இக்கலையைக் கணினி கொண்டு வளர்த்தது. மலிவு விலையில் போட்டியிட்ட பீப்பிள் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அதைத் தாங்கமாட்டாமல் சில ஆண்டுகளில் வீழ்ந்தது. தீபாவளிக்கு முந்தின இரவு ஓசூர் சாலையில் ஆம்னி பேருந்துக் கட்டணம் ஏறுவதைக் கண்டிருக்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் இருக்க வேண்டியதில்லை. பேருந்தில் மனிதர் ஏற்றுகிறார், விமானத்தில் கணினி ஏற்றுகிறது.

இதிலிருந்து ஒரு சிறு பயன் கிடைக்கிறது. நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது கீழடுக்கில் இரண்டே இருக்கைகள் மிஞ்சியிருந்தால், கணினி பொதுவாக நால்வருக்கும் மேலடுக்கின் விலையையே காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை இறங்கினால் இரண்டிரண்டாக எடுக்கலாம். ஆயின் பதிவு எண் இரண்டாகிவிடும். விமானம் மாற்றப்பட்டால் குடும்பம் பிரிந்து அமர நேரிடலாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் நூறு இருநூறு ரூபாய்க்காக இதைச் செய்ய வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, உலாவியின் நினைவை அழித்துவிட்டுத் தேடினால் மலிவு என்றெல்லாம் கிளையில் எங்களிடமே சொல்பவர்கள் உண்டு. இவற்றை நாங்கள் நம்புவதில்லை. வாங்கும் கிழமையைக் காட்டிலும் பறக்கும் கிழமை விலையைப் பெரிதும் அசைக்கிறது. வெள்ளி மாலையும் ஞாயிறு இரவும் பெங்களூருவில் எப்போதும் விலை கூடியவை. செவ்வாய், புதன் நண்பகல் விமானங்கள் இறங்கியவை. எங்கள் பட்டறிவில், சாதாரண நாளில் உள்நாட்டுப் பயணத்திற்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்பு எடுத்தால் போதும். கடைசி இரு வாரங்களில் விலை ஏறத் தொடங்கி, கடைசி வாரத்தில் தாவும். பொங்கல், ஆயுத பூசை, தீபாவளி, நீண்ட வார இறுதி ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் முன்பு பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் எடுப்பதில் நாம் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் சிறிது. ஆறு மாதம் முன்பு ரூ.20,000 செலுத்தினால், ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் அந்தப் பணம் வைப்பில் ஈட்டியிருக்கும் ரூ.700ஐயும் சீட்டு விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். தள்ளுபடி பேசும்போது இதை எவரும் கூட்டுவதில்லை.

தேதியின் உறுதி

விலையைவிடப் பெரிய காரணி நம் தேதி எவ்வளவு உறுதியானது என்பது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். இன்று சீட்டு ரூ.5,000. ரத்து செய்தால் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களுமாக ரூ.800 மட்டும் திரும்பும், நட்டம் ரூ.4,200. பொறுத்திருந்து தேதி உறுதியானபின் வாங்கினால் ரூ.6,500. முன்பே எடுப்பதால் மிச்சம் ரூ.1,500. இப்படி நான்கு பயணங்களில் மூன்று திட்டப்படி நடந்து ஒன்று மாறினால், மிச்சம் ரூ.4,500, நட்டம் ரூ.4,200. ஏறக்குறைய கணக்கு சரியாகிவிடுகிறது. அதாவது தேதி மாறும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் என்று மனம் சொன்னால், இந்த விலைகளில், காத்திருப்பதே சிக்கனம். அல்லது கூடுதல் பணம் கொடுத்து, மாற்றவும் ரத்து செய்யவும் இடந்தரும் சீட்டை எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் தொகை ஒரு காப்பீட்டுத் தவணை போன்றது. தேவைப்படாதவர் அதைக் கட்ட வேண்டாம். தேவைப்படுபவர் தயங்கவும் வேண்டாம்.

பொம்மசந்திராவில் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. இங்குள்ள நாராயணா மருத்துவ நகரத்திற்கு மேற்கு வங்கம், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தெல்லாம் இதய நோயாளிகளும் புற்றுநோயாளிகளும் வருகிறார்கள். உடன் வந்த உறவினர்கள் பணம் எடுக்கவும் அனுப்பவும் எங்கள் கிளைக்கு வருவார்கள். வரும் தேதி அவர்களுக்குத் தெரியும். திரும்பும் தேதியை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இருவழிச் சீட்டாக எடுத்தால் மலிவென்று எண்ணி, அறுவை சிகிச்சை தள்ளிப்போனதும் திரும்பும் சீட்டை இழந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறோம். நம் நாட்டு உள்நாட்டுத் தடங்களில் போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு என்று தனித்தனியே எடுத்தாலும் பெரும்பாலும் விலை அதேதான். எனவே மருத்துவப் பயணத்தில் திரும்பும் சீட்டை முன்பே எடுப்பதால் ஆதாயம் குறைவு, இழப்பதற்கு நிறைய. நம் உறவினர் எவரேனும் சிகிச்சைக்கென ஊரிலிருந்து இங்கு வந்தால், இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

விமான நிலையம் வரை

சீட்டு விலையைத் தனியே ஒப்பிடுவதில் இன்னொரு பிழை உண்டு. பொம்மசந்திரா நகரின் தென்முனை. தேவனஹள்ளியின் கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையம் வடமுனை. இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 2008 மே மாதம் வரை எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து பறந்தவர்களுக்கு இன்றும் அந்த ஏக்கம் உண்டு. வாடகைக் கார் ஒரு வழிக்கே ரூ.1,500க்குக் குறையாது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வாயு வஜ்ரா பேருந்து இருக்கிறது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. சாலை வரை 19 கிலோமீட்டர் தூரத்தைச் சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் கடக்கிறது. அங்கே பச்சை வழித்தடத்திற்கு மாறி மெஜஸ்டிக் சென்றால், விமான நிலையப் பேருந்து கிடைக்கும். பெட்டி இரண்டுக்கு மேல் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் காலை ஐந்தரை மணி விமானத்திற்கு மெட்ரோ உதவாது. இரவு இரண்டு மணிக்கே கார் பிடித்தாக வேண்டும். அந்த விமானம் ஐந்நூறு ரூபாய் மலிவு என்று மகிழ்வதில் பொருளில்லை.

சென்னைக்கு விமானம் என்பதே இப்பகுதியினருக்குப் பெரும்பாலும் வீண். விமான நிலையம் போய்ச் சேர்ந்து, பாதுகாப்புச் சோதனை கடந்து, ஏறி, இறங்கி, மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேரும் நேரத்தில், ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சாலையிலேயே சென்றுவிடலாம். கோவை செல்வோருக்கு வந்தே பாரத் ரயில் ஓசூரில் நிற்கிறது. தூத்துக்குடிக்கு மைசூருவிலிருந்து செல்லும் விரைவு வண்டியும் ஓசூர் வழிதான். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. பண்டிகைக்கு ஊர் செல்ல நினைப்போர், அறுபதாம் நாள் காலையில் ரயில் சீட்டு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னர் விமானத்தை நாடலாம். ஓசூருக்கு ஒரு பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது. அது வந்தால் இந்தப் பத்தியை நாங்கள் மகிழ்ச்சியோடு திருத்தி எழுதுவோம்.

எந்த நிறுவனம்

இன்று உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் பறக்கிறார்கள். விஸ்தாரா 2024 நவம்பர் 12இல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. முன்பு ஏர் ஏசியா இந்தியா என்றிருந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் ஒன்றாயிற்று. 2022 ஆகஸ்டில் ஆகாசா ஏர் வந்தது. தென்தமிழகத்தின் சிறு நகரங்களுக்குத் தேர்வு ஓரிரு நிறுவனங்களுக்குள் முடிந்துவிடுகிறது. தேர்வு இருக்கும் பெருநகரத் தடங்களில்தான் கீழ்க்காணும் யோசனை பயன்படும்.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் மாதந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்திற்குள் எத்தனை விழுக்காடு விமானங்களை இயக்கியது, எத்தனையை ரத்து செய்தது, பயணிகள் எதைப் பற்றி அதிகம் முறையிட்டனர் என்பவை அதில் உள்ளன. பெங்களூருவின் நேரம் தவறாமையும் அதில் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இந்த அறிக்கையைப் பார்ப்பவர் மிகக் குறைவு. கடன் கேட்பவரின் பழைய தவணைப் பதிவைப் பார்க்காமல் நாங்கள் கடன் கொடுப்பதில்லை. இது விமான நிறுவனத்தின் தவணைப் பதிவு போன்றது. ஒரு மாதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள். ரத்து விழுக்காடு ஏறிக்கொண்டே வருவது, ஊழியர் சம்பளம் தாமதமாகிறது என்ற செய்தி, குத்தகைக்கு விட்டவர்கள் விமானங்களைத் திரும்பக் கேட்கிறார்கள் என்ற செய்தி, இவற்றோடு எட்டு மாதம் தள்ளிய தேதிகளுக்கு அதிரடித் தள்ளுபடி எல்லாம் ஒன்றாகக் கூடினால், அந்தத் தள்ளுபடி நமக்குக் கிடைக்கும் சலுகையாக இராது. நம்மிடம் அவர்கள் கேட்கும் கைமாற்றாக இருக்கலாம்.

பெரிய நிறுவனம் என்றால் கவலையில்லை என்றும் சொல்வதற்கில்லை. விமானிகளின் பணிநேர விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. பெங்களூரு நிலையத்தில் பெட்டிகள் குவிந்து கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். மற்ற நிறுவனங்களின் விலை ஏறியதால், டிசம்பர் 6 அன்று அரசு தற்காலிக உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500, ஆயிரம் வரை ரூ.12,000, ஆயிரத்து ஐந்நூறு வரை ரூ.15,000, அதற்கு மேல் ரூ.18,000. பணம் திரும்பிவிட்டது, திருமணத்திற்குச் செல்ல வேண்டியவர் மாற்று இருக்கையின்றி நின்றார். நிறுவனம் திவாலாவது ஓர் இடர். ஒரே நிறுவனத்தின் மீது நாடே சாய்ந்திருப்பது வேறோர் இடர். இரண்டாவதற்குத் தனி மனிதர் செய்யக்கூடியது ஒன்றே: தவற முடியாத நிகழ்ச்சிக்கு முதல் நாளே போய்ச் சேருமாறு பதிவு செய்வது.

காலை முதல் விமானம் ஓரளவு நேரம் காக்கும், ஏனெனில் அது பெரும்பாலும் இரவே வந்து நின்ற விமானம். ஒரே விமானம் நாளெல்லாம் பல ஊர்களுக்குப் பறப்பதால், பகலில் சேரும் தாமதம் மாலையில் தலையில் விழுகிறது. இதற்கும் விதிவிலக்கு உண்டு. டிசம்பர், ஜனவரி விடியலில் தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கும். வட இந்தியாவில் அது இன்னும் கடுமை. ஈராண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போது, சில மணி நேரம் வான்வெளி மூடப்பட்டு விமான நேரங்கள் மாறும். இடையில் விமானம் மாறிச் செல்வோர் இரண்டு வேறு நிறுவனங்களில் தனித்தனிச் சீட்டு எடுத்தால், முதலாவது தாமதமானால் இரண்டாவதற்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார். ஒரே பதிவு எண்ணில் எடுங்கள்.

பணம் செலுத்தும் வழி

பட்டறைக்காரர் கேட்டதற்கு நாங்கள் அடுத்துக் கேட்டது, "எதுல பணம் கட்டுனீங்க அண்ணாச்சி?" என்பதுதான். நல்வேளையாக அவர் கடன் அட்டையில் கட்டியிருந்தார். சேவை கிடைக்கவில்லை என்பதற்காக அட்டை வழங்கிய வங்கி மூலம் தொகையைத் திரும்பக் கேட்கும் முறைக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். வங்கி முறையீட்டை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு வழியாக, பணம் பெற்ற வணிகரின் வங்கிக்கு அனுப்புகிறது. இதற்குக் காலவரம்பு உண்டு. பறப்பது நின்றது என்று தெரிந்த வாரத்திலேயே வாருங்கள். சீட்டின் நகல், அட்டைக் கணக்கறிக்கையில் அந்தப் பதிவு, ரத்து பற்றிய மின்னஞ்சல் அல்லது செய்தி, பணம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் ஆகிய நான்கும் போதும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கணக்கறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வணிகர். இடைத்தரகர் தளத்தில் வாங்கியிருந்தால் அங்கே தரகர் பெயர் நிற்கும். விமான நிறுவனம் பணத்தைத் தரகருக்கு அனுப்பி, தரகர் நமக்கு அனுப்ப வேண்டும். சில தளங்கள் அதைத் தங்கள் பணப்பையில் வரவு வைத்துவிடும். விலையைத் தரகர் தளத்தில் ஒப்பிடுங்கள். வாங்குவதை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் செய்யுங்கள். தரகரின் வசதிக் கட்டணமும் அப்போது ஒப்பிடத் தெரியும். கடன் அட்டை நிலுவையைத் தவணை நாளில் கட்டாமல் விட்டால் ஏறும் வட்டி எந்தச் சீட்டுத் தள்ளுபடியையும் விழுங்கிவிடும் என்பதையும் நாங்கள் சொல்லத்தான் வேண்டும்.

பலர் கேட்காமல் விட்டுவிடும் தொகைகளும் உண்டு. திரும்பப் பெற இயலாத சீட்டு என்று அச்சிட்டிருந்தாலும், நாம் பயணம் செய்யாவிட்டால் அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். விமானத்தைத் தவறவிட்டவருக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது. பயணத்திற்குப் போதிய நாட்கள் இருக்கும்போது, பதிவு செய்த குறுகிய கால வரம்பிற்குள் ரத்துக் கட்டணமின்றி விலகலாம். எனவே பதிவு செய்த அன்றே தேதியையும் பெயர் எழுத்துகளையும் வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுத் தொகையோ கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. கவுன்ட்டரில் நிற்பவர் இதைத் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டறைக்காரருக்கு ஆறு சீட்டின் தொகையும் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அட்டைக்கு வரவாயிற்று. மறு ஆண்டு அவர் மீண்டும் காசிக்குத் திட்டமிட்டார். பனிக்காலம் வேண்டாம் என்று பிப்ரவரி பிற்பகுதியைத் தேர்ந்தார். ஐந்து வாரம் முன்பு, ஒரு புதன்கிழமை நண்பகல் விமானத்திற்கு, நிறுவனத்தின் தளத்தில் நேரே பதிவு செய்தார். போகும் சீட்டு மட்டுந்தான் எடுத்தார். எத்தனை நாள் காசியில் தங்குவது என்பதை அப்பாதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். பெரியவருக்கு ஒன்பது நாள் போதவில்லை. பதினோராம் நாள், முகல்சராய் என்று நாமெல்லாம் அறிந்த சந்திப்பிலிருந்து சங்கமித்ரா விரைவு வண்டியில் ஆறு பேரும் பெங்களூரு திரும்பினார்கள். கங்கை நீர்ச் செம்பு ஒன்று எங்கள் கிளைக்கும் வந்தது.